மூன்று நாற்பது முதல் நாலு இருபது வரை

ஆகஸ்ட் 4

அன்புள்ள சித்திக்கு,

கண் எரிச்சல் குறைந்ததா? சொட்டு மருந்து விடுகிறாயா, இல்லை அலமாரியில் அழகு பார்க்கிறாயா? நான் நலம் என்று எழுதினால் பாதி உண்மை. கால் இரண்டும் வீங்கி, செருப்பு என்னை ஏற்க மாட்டேன் என்கிறது. டாக்டரம்மா எல்லாம் சரி என்கிறார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

கோர்ட்டில் இன்னும் ஆறு வாரம் வேலை. நீதிபதி பேசப் பேச நான் சுருக்கெழுத்தில் எடுக்கும்போது உள்ளே இருப்பது உதைக்கிறது. நேற்று ஒரு சாட்சி சொன்னதில் ஒரு வரியே விட்டுப்போனது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. "என்னம்மா, உள்ளேயிருந்து ஆட்சேபணையா?" என்று நீதிபதி கேட்டார். கோர்ட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். தெருமுனைக் கடையில் போன் பேசலாம்தான். ஆனால் நாம் பேசுவதை நம்மைவிட நன்றாகக் கேட்கிறவர்கள் நாலு பேர் அங்கே எப்போதும் நிற்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். நான் பிறந்தபோது எப்படி இருந்தது? அம்மா கூட நீதானே இருந்தாய்? எவ்வளவு நேரம் வலி? கத்தினாளா? இங்கே ஆளாளுக்குக் கேட்காமலே அவரவர் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அக்கா, "ரெண்டே முக்கு, வந்துடுச்சு" என்கிறார். மாடி வீட்டு அக்காவோ முப்பது மணி நேரம் என்று கண்ணை உருட்டுகிறார். எனக்கு என் கதை தெரிந்தால் போதும்.

அக்டோபரில் வந்துவிடு. இவருக்கு அது புயல் மாதம். கம்பம் எங்கே சாய்ந்தாலும் லைன்மேன்தான் ஏற வேண்டும், அன்றைக்குப் பார்த்து எங்கே இருப்பாரோ. நீ இல்லாமல் நான் ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன்.

தபால்காரரை வாசலிலேயே மறிக்கப்போகும்,
மிளகு


ஆகஸ்ட் 23

அன்பு மிளகுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. இங்கே எல்லாம் நல்லபடி. கண் எரிச்சல் தொழிலோடு வந்தது, தொழிலோடுதான் போகும். இருபத்து மூன்று வருஷமாக வெளிச்சப் பலகை முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் ஓடுகிற கண்ணாடிப் பாட்டிலில் விரிசலும் குமிழும் தேடுகிறவளுக்குக் கண் குளுகுளுவென்றா இருக்கும்?

காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துப் படு. உப்பைக் குறை. மாடி வீட்டுக்காரி வந்தால் தலைவலி என்று சொல். பிரசவக் கதையும் மீன் பிடித்த கதையும் ஒன்று. சொல்லச் சொல்ல நீளும்.

நீ பிறந்தது என்ன பெரிய கதை. மழை பெய்தது. பிறந்தாய். கறுப்பாய், சின்னதாய், இரண்டு கையையும் மடக்கிக்கொண்டு யாரோடோ சண்டைக்குப் போகிறவள் மாதிரி. "மிளகு மாதிரி இருக்கு" என்றேன். அதுவே நிலைத்துவிட்டது. அவ்வளவுதான்.

அக்டோபர் பத்தாம் தேதி வருகிறேன். மாதக் கடைசி வரை மூன்று வாரம் லீவு. சூப்பர்வைசர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் நான் கேட்கிற முதல் நீண்ட லீவு என்று ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு.

சித்தி


செப்டம்பர் 8

அன்புள்ள சித்திக்கு,

நீ சுகம்தானே? நான் தூங்குவதில்லை. வலப்பக்கம் படுத்தால் அது இடப்பக்கம் வருகிறது. இரண்டு பேரும் விடிகிற வரை இடம் மாறிக்கொண்டே இருக்கிறோம்.

மழை பெய்தது, பிறந்தாய். இதையா கேட்டேன்? கோர்ட்டில் இப்படிப் பதில் சொல்கிற சாட்சியை வக்கீல்கள் சும்மா விட மாட்டார்கள்.

போன வாரம் பிரசவ வார்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டுக் கட்டில். சுவரில் பாதி உயரத்துக்குப் பச்சைப் பெயின்ட். அதற்குமேல் பெரிய கடிகாரம், முள் நகரும்போது சத்தம் கேட்கிறது. இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு ஆயா வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பயப்படாதே கண்ணு. போறப்ப ஒருத்தி, வர்றப்ப ரெண்டு பேர். இங்க எப்பவும் அப்படித்தான்."

எப்போதும் அப்படியா சித்தி? அம்மா இரண்டாவது பிரசவத்துக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று ஸ்கூலில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். காலையில் நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாய். என் தலையை வாரிவிட்டாய். ரிப்பன்கூட கட்டினாய். ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டாய். சாயங்காலம் வீடு முழுக்க ஆட்கள். ஒருத்தியாகப் போன அம்மா ஒருத்தியாகக்கூட வரவில்லை.

அதற்கப்புறம் என்னை வளர்த்தது நீ. அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று இருபது வருஷமாக நான் கேட்டதில்லை. நீயும் சொன்னதில்லை. இப்போது கேட்கிறேன். எனக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியாததுதான் அதிகமாகப் பயமுறுத்துகிறது.

பதில் போடு. மழை என்று மட்டும் எழுதாதே.

மிளகு


செப்டம்பர் 30

அன்பு மிளகு,

நலம். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

பத்தாம் தேதி முதல் பஸ்ஸில் வருகிறேன். பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் காய வைத்து எடுத்து வை, குழந்தைக்குத் துணி கிழிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பையை இப்போதே கட்டு. நகத்தை வெட்டு.

நீ கேட்டதை நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

சித்தி


நவம்பர் 3

அன்புள்ள சித்திக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததற்கு ஒரு கார்டுகூட இல்லை. உடம்பு சரியில்லையா? கையில் அடிபட்டதா? என்னென்னவோ தோன்றுகிறது. நான் எழுந்து நடக்கிறேன். தையல் ஆறிவிட்டது, சிரித்தால் மட்டும் இழுக்கிறது. அதற்கு இந்த வீட்டில் இப்போது அதிக வாய்ப்பில்லை.

நீ கூடவே இருந்தாய், உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் எனக்கு நினைவிருப்பதை எழுதுகிறேன். எழுதி எழுதியே பழகின கை.

பதினாறாம் தேதி விடியும்போது பனிக்குடம் உடைந்தது. இவர் முந்தின நாளே புயலுக்குச் சாய்ந்த கம்பங்களைத் தேடிப் போயிருந்தார். நீ பதறவில்லை. "தரை வழுக்கும், என் தோளைப் பிடி" என்றாய். ஆட்டோவில் போகும்போது ஒரு தகரம் காற்றில் பறந்து சாலையின் குறுக்கே போனது. ஆட்டோக்காரர் நம் இருவரையும்விட அதிகமாகக் கடவுளைக் கூப்பிட்டார்.

முதலில் வலி யாரோ இடுப்பை ஈரத்துணி மாதிரி பிழிவது போல வந்தது. பிழிந்துவிட்டு உதறிவிட்டுப் போய்விடும். நடுவில் நான் உன்னோடு வராந்தாவில் நடந்தேன். ஜன்னல் கம்பிகளை எண்ணினேன், பதினாலு. பத்து மணிக்குமேல் எண்ண முடியவில்லை. வலி வந்தபோது நான் இருந்தேன், இல்லாதபோது நான் இல்லை, அப்படி ஆகிவிட்டது. நீ என் இடுப்பில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாய். அந்த இடம் மட்டும்தான் என்னுடையதாக இருந்தது. நர்ஸ் வந்து பார்த்து, "நாலு விரல்தான் திறந்திருக்கு" என்றாள். வெகுநேரம் கழித்து வந்தும் நாலு விரல்தான். ஆயா, "கத்தாதே கண்ணு, கீழ போக வேண்டிய பலம் வாய் வழியா போயிடும்" என்றாள். எந்த வழியாகவாவது போகட்டும் என்று கத்தினேன்.

ரெண்டு மணிக்கு ஏதோ ஊசி போட்டார்கள். அதற்கப்புறம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஃபேன் நின்றது. "துடிப்பு குறையுது" என்று யாரோ சொன்னார்கள். உன் முகம் ரொம்பக் கிட்டத்தில், ஈரமாக. சக்கரம் உருளும் சத்தம். பிறகு வாய் உலர்ந்து கண் விழித்தேன். வயிற்றில் கட்டு. பக்கத்தில் குழந்தை இல்லை. "பொண்ணு. அழலை, அதனால பெட்டியில வச்சிருக்கோம்" என்றாள் ஒரு நர்ஸ்.

நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். ஐந்தாம் நாள் என் கையில் கொடுத்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை சித்தி. பஸ்ஸில் யாரோ "கொஞ்சம் பிடிச்சுக்குங்க" என்று கொடுத்த குழந்தை மாதிரி இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவள் தும்மினாள். தும்மிவிட்டுத் தானே பயந்துபோய் என்னைப் பார்த்தாள். அப்போதுதான் என்னுடையது என்று பட்டது.

இதையெல்லாம் உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். நீ பதினேழாம் தேதி காலையிலேயே போய்விட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாதக் கடைசி வரை லீவு எடுத்திருந்தவள் நீ. மறுநாள் சாயங்காலம் முழங்கால் வரை சேற்றோடு இவர் ஓடி வந்தபோது நான் தனியாகப் படுத்திருந்தேன்.

ஏன் போனாய்? மயக்கத்தில் நான் ஏதாவது சொன்னேனா? ஊரார் பேசுவதையெல்லாம் ஒரு எழுத்து பிசகாமல் எடுக்கிறவள், நான் பேசினது எனக்குத் தெரியவில்லை.

காத்திருக்கும்,
மிளகு


நவம்பர் 27

அன்பு மிளகு,

நீயும் குழந்தையும் நலம் என்று அறிந்து நிம்மதி. எனக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே கண்ணாடி உலையில் பழுது வேலை வந்துவிட்டது, ஆள் பற்றவில்லை, அதனால் வரவேண்டியதாயிற்று. நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எழுப்ப மனம் வரவில்லை.

குழந்தை வெளிச்சத்தைப் பார்த்தால் முகம் திருப்புகிறாளா? கதவு அடித்தால் திடுக்கிடுகிறாளா? விரலைக் கொடுத்தால் இரண்டு கையாலும் ஒரே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறாளா? பால் குடிக்கும்போது நடுவில் களைத்துப் போகிறாளா? இவற்றுக்குத் தவறாமல் பதில் எழுது.

போன வாரம் மூன்று விரிசல் பாட்டிலைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்தார். தானே எடுத்து ஒதுக்கி வைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமாக எதையும் தூக்காதே.

சித்தி


டிசம்பர் 18

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் மூவரும் நலம், நீ எப்படி? கேள்விகளுக்குப் பதில்: திருப்புகிறாள், திடுக்கிடுகிறாள், பிடிக்கிறாள், களைப்பதில்லை. குழந்தையை விசாரிக்கிறாயா, பாட்டில் பரிசோதிக்கிறாயா? கொஞ்சினாயா, யார் சாயல் என்று கேட்டாயா, ஒன்றும் இல்லை.

தலை மட்டும் இன்னும் நிற்கவில்லை. ரெண்டு மாதம்தானே, பொறு என்கிறார் டாக்டரம்மா. நீ அப்படியெல்லாம் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு இருபது தடவை கதவை அடித்து அடித்துப் பார்க்கிறேன். இவர் கீல் கழன்றுவிடும் என்று கத்துகிறார். உனக்கு ஏதாவது தெரியுமா? டாக்டர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா?

இன்னொன்று. நேற்று குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் அந்த அக்காவுக்கும் மாமியாருக்கும் சண்டை. "நீங்களா என்னைப் பெத்தீங்க?" என்று அக்கா கத்தினார். என் கையிலிருந்து குவளை விழுந்துவிட்டது. அந்த வார்த்தை என் வாயில் இருந்திருக்கிறது. அந்த எட்டுக் கட்டில் அறையில், என் குரலில்.

சித்தி, நான் உன்னிடம் அப்படிக் கேட்டேனா?

அதற்குத்தான் போனாயா? கேட்டிருந்தால் என் நாக்கை அறுத்தால்கூடத் தகும். கல்யாணமே வேண்டாம் என்று எனக்காக நின்றவளைப் பார்த்து, பிள்ளை பெறாதவள் என்று எட்டுப் பேர் முன்னால் சொன்னேனா? வலி என்று சாக்குச் சொல்ல மாட்டேன். என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுது. மன்னிக்கவில்லை என்றால் அதையாவது எழுது.

மிளகு


ஜனவரி 21

அன்பு மிளகு,

சுகம் விசாரிப்பதெல்லாம் அடுத்த தடவை. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தாயிற்று.

ஆமாம், கேட்டாய். அது உண்மைதானே, நான் உன்னைப் பெறவில்லை. வலியில் வந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு திரிகிறவள் இல்லை நான். அதற்காகப் போகவில்லை. மன்னிப்பு நீ கேட்க வேண்டியதில்லை.

மூன்று நாற்பதுக்கு நர்ஸ் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தாள். குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், மாப்பிள்ளை இல்லை, நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றாள். கடிகாரம் எதிரிலேயே இருந்தது. நான் போட்டது நாலு இருபதுக்கு.

நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் உன் குழந்தை மூச்சுக்குத் தவித்திருக்கிறது. அதனால்தான் பிறந்ததும் அழவில்லை.

ஏன் என்று கேட்பாய். செப்டம்பரில் கேட்டாயே, நேரில் வந்தும் நான் சொல்லவில்லையே, அதற்கும் இதுதான் பதில். உன் அம்மாவுக்கும் அன்றைக்கு இதே மாதிரி ஒரு பேப்பர் வந்தது. உன் அப்பா ஒரு நிமிஷத்தில் போட்டார். பேனா மூடியைக் கழற்றிக் கொடுத்தது நான். அக்காவைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பாப்பாவுக்குத் தலை வாரி ஸ்கூலுக்கு அனுப்பிடு" என்றாள். அவளும் வரவில்லை, குழந்தையும் வரவில்லை. அவள் சொன்னதைச் செய்தேன், தலை வாரி அனுப்பினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. உன் அப்பா கண்ணை மூடும்வரை, யோசிக்காமல் போட்ட அந்த ஒரு நிமிஷத்துக்காக அவரை மனதுக்குள் வைதுகொண்டே இருந்தேன். என் முறை வந்தபோது யோசித்தேன். பார், யோசித்த லட்சணத்தை.

மறுநாள் காலை கண்ணாடிக்கு வெளியே நின்றேன். மூக்கில் குழாய். ஒரு கை அசைந்தது, இன்னொரு கை அசையவில்லை. வெகுநேரம் பார்த்தேன். அசையவில்லை. அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை.

தலை நின்றதா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

சித்தி


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. தாங்கள் நலமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, கம்பம் நம்பர் எழுதித்தான் வழக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் பதில் போட்டிருக்க மாட்டாள் என்று தெரியும். எழுதுகிறாள், கிழிக்கிறாள். என்னையும் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள். இதை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று அவள் அழவில்லை. சுவர்க் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். நாற்பது நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு, "இவ்வளவு நேரம் என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்றாள். அதையே ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். உங்கள்மேல் அவ்வளவு கோபம். மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

என்மேலும் கோபம்தான். அது நியாயம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடப் போனவன், என் வீட்டுக்கு ஒரு கையெழுத்துப் போட வரவில்லை.

தலை நின்றுவிட்டது அத்தை. நாலாம் மாதம் முடிகிற சமயத்தில். கொஞ்சம் தாமதம்தான், ஆனால் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக் குட்டி மேலதிகாரி இப்போது தலையைத் திருப்பித் திருப்பி யார் வேலை செய்கிறார்கள், யார் செய்யவில்லை என்று பார்க்கிறாள். கை இரண்டும் நன்றாக ஆட்டுகிறாள். என் மீசையைப் பிடித்தால் எந்தக் கை என்று எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, இரண்டும் ஒரே வலி.

அவள் நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாளாம். அன்றைய ரிக்கார்டைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொன்னேன். என் பேச்சை எடுபடாத கணக்கில் சேர்த்துவிட்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் மாப்பிள்ளை


மார்ச் 12

அன்புள்ள சித்திக்கு,

எப்படி இருக்கிறாய்? இதை வெறும் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உன் ஜனவரிக் கடிதத்துக்கு ஏழு பதில் எழுதினேன். முதல் மூன்றை நீ படிக்காமல் போனது நம் இருவருக்கும் நல்லது. இவர் எனக்குத் தெரியாமல் உனக்கு எழுதியதும் தெரியும். முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாத மனுஷன், கடிதத்தை எங்கே மறைப்பது.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரிக்கார்டைக் காட்ட மாட்டோம் என்றார்கள். டாக்டரம்மாவிடம் நேராகக் கேட்டேன். "அந்த நாப்பது நிமிஷத்துனால என்ன ஆச்சுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. அதுக்கு முன்னாடியே துடிப்பு குறைஞ்சிருந்தது. எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது" என்றார். வெளியே வந்தேன். வராந்தாவில் அந்தச் சாவிக்கொத்து ஆயா எதிரே வந்தாள். குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பேனாவை வீசினியே, நீதானே?" என்றாள்.

"எந்தப் பேனா?" என்றேன்.

"சரியாப் போச்சு. பேப்பரை முதல்ல உன்கிட்டதான் நர்ஸம்மா நீட்டினாங்க. நீ பேனாவைப் பிடுங்கி வீசிட்டே. கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு. நான்தான் குனிஞ்சு எடுத்தேன், இந்த இடுப்போட."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க சித்தி கையைப் பிடிச்சே பாரு, உடும்புப் பிடி. 'போடாதே சித்தி, எங்கம்மா போன மாதிரி என்னையும் அனுப்பிடாதே, போட மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு'ன்னு ஒரே கத்தல். அந்தம்மா பண்ணாங்க. உன் தலைமேல கையை வச்சுப் பண்ணாங்க. நர்ஸம்மா ரெண்டு தரம் வந்து சத்தம் போட்டாங்க. அந்தம்மா உன்கிட்ட கெஞ்சிப் பார்த்தாங்க. நீ காதுலயே வாங்கலை. மூணாவது தரம் வந்தப்ப, உன் விரலை ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்துட்டு எழுந்து போனாங்க. அப்பதான் நீ கேட்டே, 'நீயா என்னைப் பெத்தே, நீ யாரு போடறதுக்கு'ன்னு. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை. போட்டாங்க. பேனாவை மூடிக் குடுத்தாங்க. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்க."

நானும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன் சித்தி. ஆயாதான் குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். வரி வரியாகப் படித்தேன். நர்ஸ் இருக்கிறாள், அப்பா இருக்கிறார், அம்மா இருக்கிறாள், நீ இருக்கிறாய். நான் இல்லை. நாற்பது நிமிஷத்தில் ஒரு நிமிஷத்தில்கூட என்னை வைக்கவில்லை நீ. முழுசாகத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டாய். நானும் ஒரு மாதம் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ அதற்கும் தயாராகத்தான் எழுதியிருக்கிறாய்.

என் பேச்சைக் கேட்டதால் நாற்பது நிமிஷம் போனது. கடைசியில் நீ கேட்காததால்தான் நானும் இவளும் இருக்கிறோம். என் தலைமேல் செய்த சத்தியத்தை எனக்காக உடைத்தவளிடம்தான் நீ யார் என்று கேட்டேன். அதற்கு என்ன பதில் என்று எனக்கு அப்போதும் தெரியும், இப்போதும் தெரியும்.

அந்த நாற்பதில் என் பங்கை என்னிடம் கொடு. நான் சுமப்பேன். நான் இப்போது ஒருத்திக்கு அம்மா.

அவள் போன திங்கட்கிழமை குப்புற விழுந்தாள். கை அடியில் மாட்டிக்கொண்டு ஒரே ரகளை. ஒரு வயது வரை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. முழுசாகச் சரி என்று அவர் சொல்லவில்லை. "நல்லா வருது" என்றார். எதற்கும் எல்லாம் சரி என்கிறவர் இப்படி யோசித்துச் சொன்னது எனக்கு முதல் தடவையாக நம்பும்படி இருந்தது.

ஏப்ரல் முதல் தேதி நான் வேலைக்குப் போக வேண்டும். அதற்கு முன் வா. லீவு தராவிட்டால் அந்த ரிஜிஸ்டரை மறுபடி திறந்து காட்டு.

உன் மிளகு


மார்ச் 17

மிளகு,

கடிதம் பதினொரு மணிக்கு வந்தது. இப்போது பன்னிரண்டு. சாப்பாட்டு இடைவேளையில் பெல்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருக்கும். நலம். கண்தான் இன்று தகராறு செய்கிறது, அது எரிச்சல் இல்லை.

அந்த ஆயாவுக்கு வாய் நீளம். அத்தனை சாவி வைத்திருக்கிறவள் அதையும் பூட்டி வைத்திருக்கலாம்.

பங்கு கேட்கிறாய். பாதி எடுத்துக்கொள். அதற்குமேல் ஒரு நிமிஷம் தர மாட்டேன், நச்சரிக்காதே.

சூப்பர்வைசரிடம் இப்போதுதான் சொல்லிவிட்டு வந்தேன். ரிஜிஸ்டர் தேவைப்படவில்லை, என் முகத்தைப் பார்த்தே சரி என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். ஸ்டாண்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராதே, ஒரே புழுதி.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். நான் உள்ளே நுழைந்ததும் அவளை என் கையில் திணிக்காதே. நான் அவளை இன்னும் தொட்டதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்ததோடு சரி. கால் கை கழுவுகிறேன், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறேன், கொஞ்சம் உட்காருகிறேன். நீ உன் வேலையைப் பார்த்துக்கொண்டிரு, என்னைக் கவனிக்காதே.

நானாகவே கேட்பேன். ரொம்ப நேரம் ஆகாது.

சித்தி